நாற்பத்தொரு ஆம்

ஜூன் 2, திங்கள்

விரிவாக்க மையத்தில் எனக்கு ஒரு களப்பணிக் குறிப்பேடு உண்டு. மாதக் கடைசியில் இயக்குநர் ஆவுடையப்பன் சார் அதில் பச்சை மையால் கையெழுத்துப் போடுவார். அதில் நான் எழுதுவதெல்லாம் ‘மக்களைச் சந்தித்தேன், விழிப்புணர்வு ஏற்படுத்தினேன்’ வகை. படித்தால் எனக்கே என் மேல் பொறாமையாக இருக்கும். அதனால் இந்தத் தனி நோட்டு. இது யார் மேசைக்கும் போகாது.

இன்றைய செய்தி: ஆகஸ்டில் பெரிய பயிலரங்கு. தலைப்பு ‘அனைவருக்கும் தூய எரிசக்தி, அனைவருக்கும் காலநிலை நீதி’. சார் மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்குல்லா பெர்சிஸ்?” என்று கேட்டார். நல்லாத்தான் இருக்கிறது. சங்குமேட்டிலிருந்து ஒரு பயனாளியை மேடையேற்றிப் பேச வைக்க வேண்டும், பெண்ணாக இருந்தால் நல்லது. அது என் பொறுப்பு.

சங்குமேடு எங்கள் மையத்தின் செல்லப்பிள்ளை. தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளங்களுக்கு நடுவில் நாற்பத்தொரு வீடு. மின்கம்பம் எட்டிப் பார்க்காத இடம். போன வருஷம் வீட்டுக்கு ஒரு சோலார் தகடு, ஒரு பேட்டரிப் பெட்டி, இரண்டு பல்பு கொடுத்தோம். பல்கலைக்கழகத்தைத் தரம் பார்க்க வந்த மதிப்பீட்டுக் குழு எங்கள் சங்குமேடு அறிக்கையைப் புரட்டிப் பார்த்துப் பாராட்டியது. வீடு வீடாகக் கணக்கெடுத்தது நான்தான். என் பெயர் உள்ளே இருக்கிறது.

விளக்குத் திறப்பு விழாவுக்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. பதினான்கு மாதம். வேலை அப்படி.

சிலிண்டர் பதிவு செய்தேன். தண்ணீர் கேன்காரர் வரவில்லை.

ஜூன் 5, வியாழன்

உலகச் சுற்றுச்சூழல் நாள். காலையில் வளாகத்தில் மரக்கன்று நட்டோம். போன வருஷம் நட்ட அதே குழி. அந்தக் கன்று என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. படம் எடுத்து முடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சங்குமேட்டுக்குப் போனேன்.

உப்பளத்து வேலை முடிந்து பெண்கள் திரும்பியிருந்த நேரம். முதல் வீட்டுக் கூரையில் இருக்க வேண்டிய சோலார் தகடு முற்றத்தில் படுத்திருந்தது. அதன் மேல் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. அடுத்த வீட்டில் பேட்டரிப் பெட்டி மேல் ஒருவர் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். நல்ல உயரம், உட்கார வசதிதான்.

“உப்புக் காத்துல்லா மேடம். ஒயரு முனையெல்லாம் பச்சப் பூத்துப்போச்சு. எட்டே மாசம். பேட்டரி பலாப்பழம் கணக்கா உப்பிருச்சு” என்றார் சண்முகக்கனி. போன வருஷம் எங்கள் கூட்டங்களுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தவர். கனியக்கா என்று கூப்பிடுவேன். கையில் உப்பு தின்ற வெடிப்பு.

“எங்களுக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே அக்கா?”

“போட்டோம்லா. ரெண்டு மூணு வாட்டி. மீட்டிங்ல இருக்கேன்னு சொன்னீங்க.”

இருந்திருப்பேன்.

திண்டாட்டம் விளக்கோடு முடியவில்லை. கனியக்காவின் மகள் தன்ஷிகா, ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. இளைப்பு நோய். நான் போனபோது சுவரில் சாய்ந்து தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அரசு ஆஸ்பத்திரியில் தினமும் இரண்டு வேளை நெபுலைசர் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆவி மிசின் என்கிறார் கனியக்கா. மிசின் வீட்டில் இருக்கிறது, ஆனால் அதற்குக் கரண்ட் வேண்டும். எங்கள் சோலார் பெட்டி புத்தம் புதிதாக இருந்தபோதும் அதை ஓட்டியிருக்காது. அது இரண்டு பல்புக்கும் ஒரு போனுக்கும்தான். தினமும் மூன்று கிலோமீட்டர் நடந்து, மெயின் ரோட்டு டீக்கடையில் பிளக் கேட்டு வைத்துவிட்டு வருகிறார்கள்.

“மின்சார ஆபீஸ்ல லைனுக்கு எழுதிப் போட்டோம் மேடம். பட்டா வந்துட்டு, இனி குடுப்பாங்கன்னு இருந்தோம். ஏற்கெனவே கரண்டு இருக்கிற ஊருன்னு திருப்பி அனுப்பிட்டாவ. எந்த ஊர்ல இருக்காம்? நீங்க படிச்சவங்க, கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்.”

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். பயிலரங்கு பற்றிப் பேசவில்லை.

ஜூன் 6, வெள்ளி

தலைவலி. மாவு அரைக்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

மின்சார அலுவலகத்துக்குப் போனேன். உதவிப் பொறியாளர் என்னைவிட இளையவர், மரியாதையான மனிதர். உட்காரச் சொல்லி, ஃபேனைத் திருப்பிவிட்டார். இணைப்பே இல்லாத குடியிருப்புகளுக்கு லைன் இழுக்க ஒரு திட்டம் வந்திருக்கிறதாம். மாவட்டத்தில் பதினேழு இடம் பட்டியலில் இருக்கின்றன. சங்குமேடு இல்லை.

“அது பதினெட்டாவதா இருந்துச்சு மேடம். பொறவு எடுத்துட்டாங்க. முழு மின்வசதி பெற்ற குடியிருப்புன்னு ஒரு ஆவணம் வந்திருக்கு.”

“யார் கொடுத்த ஆவணம்?”

அவர் கோப்பைத் திருப்பிக் காட்டினார். எங்கள் அறிக்கை. நான் எடுத்த படம் அட்டையில். உள்ளே அடிக்கோடு போட்ட இடம்: பதினான்காவது கேள்வி, ‘நாள் முழுவதும் தடையற்ற மின்சாரம் உள்ளதா?’ ஆம்: 41. இல்லை: 0. கீழே, தரவு சேகரிப்பு: முனைவர் பெர்சிஸ்.

“இது உங்க டிபார்ட்மெண்டுதானே மேடம்? இந்த பெர்சிஸ்ங்கிறவங்களைப் பார்த்தா வரச்சொல்லுங்க. அவங்க வந்து சொன்னா வேல சுளுவா முடியும்.”

பார்த்தால் சொல்கிறேன் என்றேன். ஐயோ, சொல்லியேவிட்டேன். பெயரைச் சொல்லாமல்தான் உள்ளே போயிருந்தேன் என்பது ஸ்கூட்டரைக் கிளப்பும்போதுதான் உறைத்தது.

ஜூன் 11, புதன்

நியாயமாகப் பார்த்தால் அந்தப் படிவங்களைக் களத்தில்தான் நிரப்பினோம். பெரும்பாலும். சில விவரங்களை மையத்துக்கு வந்து பூர்த்தி செய்திருக்கலாம். எல்லா இடத்திலும் நடக்கிறதுதான்.

துணி துவைத்தேன். மழை வரும்போல் இருந்து வரவில்லை.

ஜூன் 14, சனி

சாரிடம் சொன்னேன். எல்லாவற்றையும் அல்ல. சோலார் பெட்டிகள் பழுது, மின்வாரியத்தில் ஏதோ குழப்பம், ஒரு திருத்தக் கடிதம் கொடுக்கலாமா என்று கேட்டேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். சனிக்கிழமை வேட்டிதான். “திருத்தம்னா என்னம்மா? தப்புன்னு நாமளே ஒத்துக்கிறதா? அறிக்கைய வச்சு அவ்வளவு தூரம் போயாச்சு. பழைய கதையத் தோண்டாதீங்க. ஒங்க நிரந்தரப் பணிக் கோப்பு வேற மேல போயிருக்கு. இப்பப் போயி இதை எழுதுனா நான் என்ன பதில் சொல்ல?”

“ஒரு பிள்ளைக்கு மூச்சு இளைக்குது சார்.”

“அதுக்கு ஒரு மருத்துவ முகாம் போட்டுருவோம்.”

அவர் கெட்டவர் இல்லை. இதை நேர்மையாகத்தான் எழுதுகிறேன். போன வருஷம் எனக்குக் காய்ச்சல் வந்தபோது வீட்டிலிருந்து கஞ்சி கொடுத்தனுப்பினார். ஆறு வருஷமாகத் தொகுப்பூதியத்தில் இருக்கிறேன். வருஷா வருஷம் ஏப்ரலில் என் வேலை செத்துப் பிழைக்கும். இந்த முறை கோப்பு முதல்தடவையாக மேலே போயிருக்கிறது. இதெல்லாம் ஒரு காரணமா என்றால், எனக்குக் காரணம்தான்.

ஜூன் 19, வியாழன்

மெயின் ரோட்டு டீக்கடைக்குப் போனேன். தற்செயலாகப் போவதுபோல்.

தன்ஷிகா பிஸ்கட் ஜாடிகளுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, முகத்தில் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். மிசின் கடகடவென்று சத்தம் போட்டது. வடை வாங்க வந்த ஒருவர், “ஏம்மா, தொத்து வியாதியா?” என்று கேட்டுவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டாள். அவள் கூச்சப்படுகிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. கூச்சப்பட வேண்டிய ஆள் நான், டீ கிளாஸோடு எதிரில் நின்றுகொண்டிருந்தேன்.

கடைக்காரர் நல்லவர், பிளக்குக்கு எதுவும் கேட்பதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கடை அடைப்பு. அன்றைக்குப் பிள்ளைக்கு இளைத்தால் டி.வி.எஸ்ஸில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நகமெல்லாம் நீலம் பாரித்துவிட்டதாம். இன்னும் பத்து நிமிஷம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் சொல்லி நிறுத்திக்கொண்டாராம்.

இன்று சொல்லிவிடுவது என்று நினைத்துத்தான் போனேன். “அக்கா, போன வருஷம் நீங்கல்லாம் கையெழுத்துப் போட்டீங்களே, ஒரு படிவம்” என்று தொடங்கினேன்.

“ஆமா, ஒண்ணும் எழுதாத தாளு” என்றார் கனியக்கா சாதாரணமாக. “மணிமேகலைகூடச் சொன்னா, எழுதாத தாள்ல போடக்கூடாதுக்கான்னு. நாந்தான் போடச் சொன்னேன். நீங்க அன்னைக்கி வெயில்ல வாடிப்போயி நின்னீங்க. நாப்பத்தோரு கையெழுத்து இல்லாமப் போனா வைவாங்கன்னு சொன்னீங்கள்லா? பாவமா இருந்துச்சு.”

என் மேல் இரக்கப்பட்டிருக்கிறார்கள். பன்னும் டீயும் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டேன், நான் பெரிய சாமர்த்தியசாலி என்று ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

டீக்கு என்னிடம் சில்லறை இல்லை, கனியக்காதான் எனக்கும் சேர்த்துக் கொடுத்தார்.

ஜூன் 22, ஞாயிறு

கோயிலில் பாவ அறிக்கை சொல்லும்போது வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன்.

ஒன்றுகூடக் களத்தில் நிரப்பவில்லை. எங்கள் மையத்தில் வழக்கம் அப்படி: கையெழுத்து முதலில், விவரம் பிறகு. மதிப்பீட்டுக் குழு மார்ச் கடைசியில் வந்தது. விளக்குகள் ஏப்ரலில்தான் வந்து இறங்கின. ஆகவே நான் படிவம் நிரப்பிய அன்றைக்குச் சங்குமேட்டில் ஒரு பல்பும் கிடையாது. பல்கலைக்கழக கேண்டீனில் மூன்று பேனா வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், நீலம் இரண்டு, கறுப்பு ஒன்று. ஒரே கை எழுதியதுபோல் தெரியக்கூடாதல்லவா. நாற்பத்தொரு ஆம். எப்படியும் அடுத்த மாதம் விளக்கு எரியத்தானே போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாள் முழுவதும் என்ற வார்த்தையைப் பார்க்கவே இல்லை, அல்லது பார்த்தேன்.

குறிப்புக்கான கட்டத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வாக்கியம் யோசித்து எழுதினேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. கனியக்கா வீட்டுக்கு எழுதியது: ‘என் மகள் இப்போது விளக்கு வெளிச்சத்தில் படிக்கிறாள்.’ அதைத்தான் சார் அறிக்கையின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டார்.

இதையெல்லாம் அப்படியே கடிதமாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நாளை, திங்கள்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீசில் கொடுக்க வேண்டும்.

ஜூன் 23, திங்கள்

போகவில்லை. துறைக் கூட்டம் இருந்தது. கூட்டத்துக்கு நான் அவசியம் இல்லை.

ஜூன் 30, திங்கள்

இன்று போனேன். கனியக்காவும் ஊர்ப்பெண்களும் வீட்டுக்கு ஒருவராக இரண்டு வேனில் வந்திருந்தார்கள். எங்கள் அறிக்கையில் ஏதோ தவறு, அதனால்தான் லைன் வரவில்லை என்று மட்டும் போனில் சொல்லியிருந்தேன். என் கைப்பையில் கடிதம் இருந்தது. வரிசையில் நிற்கும்போது இரண்டு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மேசையில் இருந்த அதிகாரி மனுவையும் மின்வாரியக் கோப்பிலிருந்த எங்கள் அறிக்கையையும் சேர்த்து வைத்துப் படித்தார். “கணக்கெடுத்தவங்க தப்பா எழுதிட்டாங்கன்னா, அந்த நிறுவனத்து மேல விசாரணை வைக்கணும். கமிட்டி, விளக்கம், பதில் எல்லாம் முடிய ஆறு மாசம், ஒரு வருஷம்கூட ஆகும்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். உதவி செய்யும் எண்ணத்தில்தான் சொன்னார். “வீட்டுக்காரங்களே புரியாமத் தப்பான தகவல் குடுத்துட்டோம்னு எழுதிக் குடுத்தா, திருத்தம்னு எடுத்துக்கலாம். இன்னைக்கே பட்டியல்ல சேர்த்துரலாம். எப்படிம்மா?”

கனியக்கா என்னைப் பார்த்தார். நான் பையைப் பார்த்தேன்.

“எங்க தப்புதான்யா. எழுதிக் குடுத்துருதோம்” என்றார் அவர்.

தாழ்வாரத்தில் தரையில் உட்கார்ந்து நான்தான் எழுதினேன். வேறு யார் எழுதுவார்கள், எனக்குத்தான் எழுத்து அழகு. முடித்ததும் கனியக்கா, “வாசிங்க மேடம், எல்லாரும் கேக்கட்டும்” என்றார். வாசித்தேன். ‘சங்குமேட்டில் குடியிருக்கும் நாங்கள், எங்கள் வீடுகளில் மின்சாரம் இல்லாதிருந்தும் உள்ளதாகப் பொய்யான தகவல் அளித்துவிட்டோம். அதற்கு வருந்துகிறோம்.’

“பொய் சொன்னது நாமளாட்டி?” என்றாள் ஓர் இளம்பெண். மணிமேகலை அவள்தான்.

“சும்மா போடுட்டி. கரண்டு வரட்டும்” என்றார் கனியக்கா.

நாற்பத்தொரு கையெழுத்து. என் கடிதம் பையிலேயே இருந்தது. அதை வெளியே எடுத்திருந்தால் ஆறு மாசம் ஆகியிருக்கும், பிள்ளைக்காகத்தான் எடுக்கவில்லை என்று ஒரு சப்பைக்கட்டு தயாராக இருக்கிறது. அது உண்மையும்கூட. ஆனால் கனியக்கா ‘எங்க தப்பு’ என்று சொன்னபோது என் நெஞ்சுக்குள் வந்தது துக்கம் இல்லை. அப்பாடா என்று இருந்தது.

ஜூலை 1, செவ்வாய்

பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். பதினெட்டாவது.

ஜூலை 24, வியாழன்

கம்பங்கள் வந்து இறங்கிவிட்டன. அளத்துப் பாதையில் லாரி புதைந்து, ஊரே சேர்ந்து தள்ளியதாம். கனியக்கா போனில் சொன்னார். அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. வீட்டுக்குள் ஒயரிங் செய்ய ஆள் வந்துவிட்டார், தன்ஷிகா தன் படுக்கைக்குப் பக்கத்தில்தான் பிளக் வேண்டும் என்று சுவரில் கரியால் கட்டம் போட்டுவைத்திருக்கிறாள். ஆகஸ்ட் இருபது வாக்கில் மீட்டர் வைத்துவிடுவார்களாம்.

பயிலரங்கில் பேச வருவாரா என்று கேட்டேன். “நீங்க கூப்பிட்டா வரமாட்டனா?” என்றார்.

கடிதத்தை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். கிழிக்கவில்லை. கொடுக்கவும் இல்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பயிலரங்கு. முந்நூறு மாணவர்கள். மேடையில் ஆறு நாற்காலி, ஓரத்து நாற்காலியில் கனியக்கா. பட்டுப்போல் தெரியும் ஒரு பச்சைச் சேலை கட்டி வந்திருந்தார். தன்ஷிகாவும் கூடவே வந்து, முதல் வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

கனியக்கா மூன்று நிமிஷம் பேசினார். மார்கழிக் குளிரில் உப்புப் பாத்தியில் கால் வைப்பது பற்றியும் கம்பம் வந்தது பற்றியும் பேசினார். எங்களைக் குறை சொல்லி ஒரு வார்த்தை இல்லை. கைதட்டினார்கள்.

அடுத்து சார். களஆய்வின் சவால்கள் பற்றிப் பேசினார். “மாணவர்களே, மக்கள் எப்பவும் உண்மையச் சொல்லுவாங்கன்னு நெனைக்காதீங்க. இந்தச் சங்குமேட்டுலயே பாருங்க, இல்லாத கரண்ட நாப்பத்தோரு வீடும் இருக்குன்னு சொல்லிட்டாங்க. அப்புறம் அவங்களே பொய்னு எழுதிக் குடுத்தாங்க, நகல் நமக்கும் வந்திருக்கு. அறியாமை. இதைத்தான் நாம மாத்தணும்.” அரங்கம் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, வகுப்பறைச் சிரிப்பு. கனியக்கா பொன்னாடையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார்.

தன்ஷிகா என் கையைத் தொட்டு, “எங்கம்மா பொய் சொல்லிச்சா மிஸ்?” என்று கேட்டாள்.

எழுந்தேன். மைக் எதுவும் இல்லாமலே கத்தினேன். “அவங்க சொல்லல. வெறும் தாளில் கையெழுத்து வாங்கி, கேண்டீன்ல உட்கார்ந்து நாற்பத்தொரு ஆம் போட்டது நான். அன்னைக்கு அந்த ஊர்ல ஒரு பல்புகூட இல்லை. ‘என் மகள் விளக்கு வெளிச்சத்தில் படிக்கிறாள்’னு எழுதினதும் நான்.”

அப்புறம் பின்வரிசையில் யாரோ கைதட்டத் தொடங்கி, அரங்கம் முழுக்கத் தட்டியது. நிறையப் பேர் போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சார் தண்ணீர் குடித்தார்.

உடம்பு லேசாகிவிட்டது. இரண்டு மாதத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன். இன்று நான் நல்லவள்.

ஆகஸ்ட் 9, சனி

நேற்று எழுதாமல் விட்டதை எழுத வேண்டும்.

நிகழ்ச்சி முடிந்து பேருந்து நிறுத்தத்தில் கனியக்காவைப் பிடித்தேன். அவர் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். என்ன எதிர்பார்த்தேன்? கையைப் பிடித்துக்கொள்வார், கண் கலங்குவார், அப்படித்தான்.

“இன்னும் பன்னெண்டு நாள் மேடம்” என்றார். “மீட்டர் வைக்க. வச்ச பொறவு சொல்லியிருக்கலாம்லா?”

“உங்களைப் பொய்யர்னு சொன்னாரே அக்கா.”

“சொல்லட்டும். அளத்துக் கங்காணி சொல்லாததா? காதுல விழுந்தா விழுந்துட்டுப் போகுது. ஆபீஸ்காரங்க காதுலயும் விழுந்துட்டுன்னா என்ன செய்ய? அன்னைக்கி அந்த அய்யா தெளிவாச் சொன்னாரே, ஒங்க பக்கத் தப்புன்னா ஒரு வருசம்னு. நீங்களும் பக்கத்துலதான நின்னீங்க?”

நின்றேன். கேட்டேன். நேற்று எழுந்தபோது அது ஞாபகத்தில் இருந்ததா? இல்லை என்றுதான் முதலில் எழுதினேன், அடித்துவிட்டேன். ஓர் ஓரத்தில் இருந்தது. பேசக்கூடாத அன்றைக்குப் பேசியிருக்கிறேன், பேச வேண்டிய அன்றைக்கெல்லாம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு தடவையும் எனக்கு எது சுகமோ அதைத்தான் செய்தேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மெமோ வந்தது. வீடியோ ஊரெல்லாம் சுற்றுகிறது. முகம் தெரியாதவர்கள் என்னை வீரப்பெண் என்கிறார்கள். போனை அணைத்து வைத்தேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

உதவிப் பொறியாளர் அலுவலகத்துக்கு மூன்றாம் நாளாகப் போய் உட்கார்ந்தேன். அந்த பெர்சிஸ் நான்தான் என்று அவருக்கு வீடியோ பார்த்துத் தெரிந்துவிட்டது. அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஃபேனை மட்டும் என் பக்கம் திருப்பிவிடவில்லை.

உத்தரவு இன்று வந்துவிட்டது. பல்கலைக்கழகத் தரவு குறித்த விசாரணை முடியும்வரை சங்குமேட்டில் இணைப்புப் பணிகள் நிறுத்தி வைக்கப்படுகின்றன. கம்பம் நிற்கிறது, கம்பியும் இழுத்தாயிற்று. மீட்டர் இல்லை.

“விசாரணைல எல்லாத்தையும் நான் எழுதிக் கொடுக்கிறேன் சார், இன்னைக்கே. அதோட முடிச்சுக்கலாமே?”

“நீங்க எழுதிக் குடுக்கலாம் மேடம். படிக்க வேண்டியவங்க படிக்கணும்லா” என்றார்.

துணிகளுக்கு அடியில் இருந்த கடிதத்தை எடுத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இரண்டு மாதம் பிந்தி.

ஆகஸ்ட் 21, வியாழன்

காலை பத்து மணிக்கு அழைப்பு மணி. கனியக்கா. ஒரு கையில் தன்ஷிகா, இன்னொரு கையில் மஞ்சப்பை. பைக்குள் ஆவி மிசின் இருப்பது அதன் வடிவத்திலேயே தெரிந்தது. மாடிப்படி ஏறியதில் பிள்ளைக்கு இளைத்தது. பள்ளிப்பையும் தோளில் தொங்கியது.

“உள்ளே வாங்க அக்கா.”

அவர் வரவில்லை. வாசலிலேயே நின்று பேசினார். “டீக்கட பிளக்கு எரிஞ்சு போச்சு. இனி வைக்க முடியாதுங்காரு. டாக்டரு ஒரு நாளுகூட விடப்படாதுன்னுட்டாரு. விசாரண முடிஞ்சு மீட்டர் வர வரைக்கும் பிள்ள இங்கன இருக்கட்டும். பக்கத்துலதான ஸ்கூலு இருக்கு, மாத்திக்கிடலாம். நான் வேல முடிஞ்சு தெனமும் வந்து பாத்துட்டுப் போறேன்.”

கெஞ்சவில்லை. கோபமும் இல்லை. கடைக்காரரிடம் மளிகைச் சாமான் சொல்வதுபோல் சொன்னார்.

நான் உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். என் மனது என்ன செய்தது என்றால், கீழ்வீட்டு ஓனரம்மாவை நினைத்தது. ஓர் ஆள்தான் என்று சொல்லி வாடகைக்குப் பிடித்த வீடு. பிறகு என் விசாரணை, கூப்பிட்டால் போக வேண்டுமே என்று நினைத்தது. ஒரு வருஷம் என்பது எவ்வளவு நீளம் என்று நினைத்தது. பிள்ளைக்கு நடுவில் ஏதாவது ஆகிவிட்டால் பழி யார் தலையில் என்றும் நினைத்தது. பிள்ளையின் மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது, நான் நினைத்துக்கொண்டேயிருந்தேன். எல்லாம் சேர்த்து ஐந்து நொடிகூட இருக்காது.

கனியக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டார்.

“ஒங்களுக்குக் கையெழுத்துப் போடுறதுக்கு நாங்க இவ்வளவு நேரம் யோசிக்கல மேடம்” என்றார்.

முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கவும் தோன்றவில்லை, கேட்டால் அதற்கும் அவர் வாசலில் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும். கதவை முழுக்கத் திறந்து, ஓரமாக விலகி நின்றேன். தன்ஷிகா செருப்பைக் கழற்றி, அம்மாவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, உள்ளே வந்து பிளக் எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.